எந்த லிங்குக்கு எது: செம்பு, செருகு மாட்யூல், ஒளிச் சில்லு

டேட்டா சென்டரில் 400ஜி, 800ஜி (நொடிக்கு 400, 800 கிகாபிட்) வேகத்தில் புதிய நெட்வொர்க் திட்டமிடும் எவரும் முதலில் கேட்பது இதுதான்: சிலிக்கன் சில்லிலேயே ஒளியைக் கையாளும் சிலிக்கன் போட்டானிக்ஸுக்கு (ஒளிச் சில்லு) மாறிவிடலாமா, பழைய முறையிலேயே இருந்துவிடலாமா? இப்படி மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. லிங்க் லிங்காகக் கேட்க வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை டெசிபெல், எத்தனை வாட், பழுதானால் எதைக் கழற்ற வேண்டும் என்ற நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொண்டு போனால், பெரும்பாலான லிங்குகளுக்கு இரண்டாம் கேள்வியிலேயே விடை தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஒளிச் சில்லு என்பது இனிமேல் வரப்போகும் பொருளல்ல. இன்டெல் 2016லேயே 100ஜி சிலிக்கன் போட்டானிக்ஸ் மாட்யூல்களை (மின் சிக்னலை ஒளியாக மாற்றும், சுவிட்சில் செருகும் சிறு பெட்டிகள்) விற்கத் தொடங்கிவிட்டது. பிறகு 2023இல் அந்த மாட்யூல் வணிகத்தை ஜேபில் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இத்துறையின் முன்னோடிகளில் ஒன்றான லக்ஸ்டெராவை சிஸ்கோ 2019இல் வாங்கிக்கொண்டது. இன்று உங்கள் சுவிட்சின் முகப்பில் செருகியிருக்கும் 400ஜி டிஆர்4 (500 மீட்டர் வரை போகும் வகை) மாட்யூலைப் பிரித்தால், உள்ளே சிலிக்கன் சில்லு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே போட்டி இரண்டு இடங்களில் நடக்கிறது. மாட்யூலுக்குள் சிலிக்கனும் இண்டியம் பாஸ்பைடு லேசர்களும் மோதுகின்றன. மாட்யூலுக்கு வெளியே, ஒளி முகப்பிலேயே பிறக்க வேண்டுமா, சுவிட்ச் சில்லின் பக்கத்திலேயே பிறக்க வேண்டுமா என்பது கேள்வி. வாங்குபவருக்கு முதலாவதால் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவதுதான் பராமரிப்பு முறையையே மாற்றுகிறது.

முதல் கணக்கு: நீளம்

எல்லா லிங்கையும் ஒரு பட்டியலில் எழுதுங்கள். கருவிகளுக்கு இடையிலான நேர்தூரம் உதவாது; கேபிள் உண்மையில் போகும் வழியை அளக்க வேண்டும். 42யு ரேக்கின் (கருவிகளை அடுக்கும் சட்டத்தின்) உயரம் சுமார் 2 மீட்டர். உச்சியில் உள்ள சுவிட்சிலிருந்து அடியில் உள்ள சர்வருக்கு, பக்கவாட்டு வளைவையும் தளர்வையும் சேர்த்தால் 2.5 மீட்டர் எளிதில் ஆகிவிடும்.

இந்த அரை மீட்டர்தான் இப்போது தொல்லை. மின்னணுப் பாகமே இல்லாத நேரடிச் செம்புக் கேபிள் 10ஜியில் 7 மீட்டர் வரை ஓடியது. லேனுக்கு (ஒரு லிங்குக்குள் இணையாக ஓடும் ஒரு தடத்துக்கு) 25ஜி வந்தபோது தர வரம்பு 5 மீட்டர், 50ஜியில் 3 மீட்டர், 100ஜியில் 2 மீட்டர் எனச் சுருங்கிவிட்டது. அதிர்வெண் ஏற ஏறச் செம்பு சிக்னலை விழுங்குகிறது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் செம்பை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். சுவிட்சை ரேக்கின் உச்சியிலிருந்து நடுவுக்கு இறக்கினால் மேலும் கீழும் உள்ள சர்வர்கள் அனைத்தும் 2 மீட்டருக்குள் வந்துவிடும். இந்த ஓர் இடமாற்றத்தால் பல ரேக்குகளில் ஒளி மாட்யூலே தேவைப்படாது.

செம்புக் கேபிளுக்கு லேசர் இல்லை, அழுக்குப் படியும் முகம் இல்லை, அதுவே இழுக்கும் மின்சாரமும் ஏறத்தாழ இல்லை. என்விடியா 2024இல் அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ரேக்கில் 72 ஜிபியுக்களை இணைப்பது 5,000க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள். அதையே ஒளியில் செய்திருந்தால் டிரான்ஸ்சீவர்களுக்கும் (ஒளி மாட்யூல்கள்) ரீடைமர்களுக்கும் (தேய்ந்த சிக்னலைப் புதுப்பிக்கும் சில்லுகள்) மட்டும் 20 கிலோவாட் போயிருக்கும் என்று அந்நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். ஒளிச் சில்லுகளில் பெரும் பணம் போடும் நிறுவனமே ரேக்கின் உள்ளே செம்பைத்தான் தேர்ந்தெடுத்தது.

2 மீட்டரைச் சற்றே தாண்டினால், இரு முனையிலும் ரீடைமர் சில்லு வைத்த செம்புக் கேபிள் சில மீட்டர் வரை கைகொடுக்கும். அதற்கும் மேலே, ஒரே வரிசைக்குள், ஓஎம்4 ரக மல்டிமோட் பைபரில் (அகன்ற மையம் உள்ள, குறுந்தூர இழை) விக்செல் வகை லேசர் மாட்யூல்கள் 50 அல்லது 100 மீட்டர் வரை போகும், மலிவானவை, பழகியவை. ஆனால் புதிதாகப் பைபர் இழுப்பதாக இருந்தால் மல்டிமோட் இழுக்காதீர்கள். அடுத்த வேகத்துக்குப் போகும்போது அந்தத் தூரம் மேலும் சுருங்கும், சுவருக்குள் போட்ட பைபரைப் பிடுங்க முடியாது. மெல்லிய மையம் உள்ள சிங்கிள்மோட் போட்டுவிட்டால் 500 மீட்டருக்கு டிஆர்4, 2 கிலோமீட்டருக்கு எஃப்ஆர்4 என்று மாட்யூலை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

இரண்டாம் கணக்கு: டெசிபெல்

சிலிக்கன் ஒளிச் சில்லுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: சிலிக்கன் நன்றாக ஒளி தராது. வேறு பொருளில் செய்த லேசரின் ஒளியை அதற்குள் புகுத்த வேண்டும். சில்லின் உள்ளே ஒளி ஓடும் பாதை அரை மைக்ரான் அகலம். வெளியே பைபரில் ஒளி பரவியிருக்கும் அகலம் சுமார் 9 மைக்ரான். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் 1 முதல் 3 டெசிபெல் போய்விடலாம் (3 டெசிபெல் என்றால் ஒளியில் பாதி). மாட்யூல் செய்பவர் இதை ஈடுகட்டித்தான் விற்கிறார், என்றாலும் கையில் தாராளமாக மிச்சம் இருப்பதில்லை. எனவே உங்கள் பைபர் வழியில் ஒவ்வொரு கனெக்டரையும் எண்ணியே ஆக வேண்டும்.

400ஜி டிஆர்4க்குத் தரப்படி வழியில் அனுமதிக்கப்படும் இழப்பு 3.0 டெசிபெல். ஒரு லேனின் சராசரி அனுப்பும் திறன் குறைந்தது −2.9 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்), பெறும் முனையில் குறைந்தது −5.9 டிபிஎம். இரண்டுக்கும் இடையே உள்ள அந்த 3.0தான் உங்கள் கைப்பணம்.

180 மீட்டர் லிங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பைபரின் இழப்பைக் கிலோமீட்டருக்கு 0.5 டெசிபெல் என்று வைத்தால் 0.09 மட்டுமே. செலவெல்லாம் கேபிள்கள் சந்திக்கும் பேட்ச் பேனலில். வழியில் இரண்டு பேனல் என்றால் இரண்டு எம்பிஓ (பல பைபர்களை ஒன்றாகச் சேர்க்கும் கனெக்டர்) இணைப்பு. சாதாரண ரகம் ஒன்றுக்கு 0.75 வீதம் 1.5, மொத்தம் 1.59. தாங்கும். இடையில் கிராஸ்-கனெக்ட் அறை ஒன்று வந்து பேனல்கள் நான்காகிவிட்டால் 3.0 கூட்டல் 0.09, அதாவது 3.09. கணக்கு உதைக்கிறது. லிங்க் ஒருவேளை இயங்கத் தொடங்கும், ஆனால் வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் பிழை கொட்டும். இதே வழிக்கு 0.35 டெசிபெல் குறை-இழப்பு எம்பிஓ வாங்கினால் 1.49தான். மாட்யூலுக்கு எவ்வளவோ செலவழித்துவிட்டு கனெக்டரில் மிச்சம் பிடிப்பது கையைக் கடிக்கும்.

இழப்புக்கு அடுத்தபடி பிரதிபலிப்பு. லேனுக்கு 100ஜி என்பது பேம்4 முறை; இரண்டு நிலைகளுக்குப் பதில் நான்கு நிலை ஒளி. நிலைகளுக்கு இடைப்பட்ட உயரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால், இரண்டு அழுக்குக் கனெக்டர்களுக்கு நடுவே முன்னும் பின்னும் எதிரொலிக்கும் சிறு ஒளிகூட பிட்டைக் கெடுக்கும். சிங்கிள்மோட் எம்பிஓவின் முகம் 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருப்பது இந்த எதிரொலியைப் பக்கவாட்டில் தள்ளிவிடத்தான். சாய்வு முகத்தையும் நேர் முகத்தையும் ஒன்றோடொன்று செருகினால் நடுவில் இடைவெளி விழும். இழப்பும் கூடும், எதிரொலியும் கூடும்.

மூன்றாம் கணக்கு: வாட்

இங்கேதான் புதிய முறை பலமாக வாதாடுகிறது. 51.2 டெராபிட் சுவிட்சில் 800ஜி போர்ட்டுகள் 64. ஒவ்வொன்றிலும் டிஎஸ்பி (சிக்னலைத் திருத்தும்) சில்லு வைத்த, எட்டு லேன் உள்ள டிஆர்8 மாட்யூல் சுமார் 15 வாட் என்று கொண்டால், ஒளிக்கு மட்டும் 960 வாட். இந்த மின்சாரத்தில் பெரும்பங்கு ஒளியை உண்டாக்கப் போவதில்லை. சுவிட்ச் சில்லிலிருந்து முகப்பு வரை போர்டில் ஓடி வரும்போது தேய்ந்துபோன மின் சிக்னலைத் திருத்தி எடுக்கவே டிஎஸ்பி அவ்வளவு உழைக்கிறது. போர்டில் ஓடும் அந்தத் தூரத்தை ஒழித்துவிட்டால்? சிபிஓ எனப்படும் முறையின் கருவே இதுதான்: ஒளிச் சில்லை சுவிட்ச் சில்லின் அதே பேக்கேஜில், சில சென்டிமீட்டருக்குள் வைத்துவிடுவது.

சில்லு நிறுவனமான பிராட்காமின் பெய்லி என்ற சிபிஓ சுவிட்சுக்கு அந்நிறுவனம் சொல்லும் கணக்கு 800ஜிக்கு 5.5 வாட். 64 போர்ட்டுக்கு 352 வாட், மிச்சம் 608. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 5,330 யூனிட். குளிரூட்டலுக்காக ஒன்றரை மடங்காக்கினால் சுமார் 8,000 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு சுவிட்சுக்கு ஆண்டுக்கு 64,000 ரூபாய். 2025 மார்ச்சில் குவாண்டம்-எக்ஸ், ஸ்பெக்ட்ரம்-எக்ஸ் போட்டானிக்ஸ் சுவிட்சுகளை அறிவித்தபோது என்விடியாவும் இதே திசையில்தான் கணக்குக் காட்டியது: 1.6 டெராபிட் போர்ட்டுக்குச் செருகு மாட்யூலில் 30 வாட், சிபிஓவில் 9 வாட். இவை விற்பவர் தரும் எண்கள். உங்கள் அட்டவணையில் போடும்போது லேசருக்குப் போகும் மின்சாரமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒளிச் சில்லு உள்ளே, லேசர் வெளியே தனியே என்பதால் இந்த இடத்தில் எண் மாறக்கூடும்.

ஆயிரக்கணக்கான போர்ட் உள்ள ஏஐ கிளஸ்டருக்கு இந்த மிச்சம் பெரிது. பத்து சுவிட்ச் உள்ள அலுவலக டேட்டா சென்டருக்கு, அடுத்து வரும் பழுதுபார்ப்புக் கணக்கு இதை விழுங்கிவிடும்.

நடுவழியும் ஒன்று உண்டு. எல்பிஓ மாட்யூலில் டிஎஸ்பி கிடையாது. சிக்னலைத் திருத்தும் வேலையைச் சுவிட்ச் சில்லே செய்யும். மின்சாரம் பாதியளவுக்குக் குறையும், தாமதமும் குறையும். விலையை வேறு விதத்தில் கொடுக்கிறீர்கள். சுவிட்ச் சில்லிலிருந்து நடு போர்ட்டுக்குப் பாதை குட்டை, ஓர போர்ட்டுக்கு நெட்டை. டிஎஸ்பி இருந்தவரை இந்த வேறுபாடு கண்ணில் படவில்லை, இனிமேல் படும். எல்பிஓவைச் சோதிக்கும்போது நடு போர்ட்டில் செருகிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், இரு ஓர போர்ட்டுகளில் சோதியுங்கள். சுவிட்ச், மாட்யூல், எதிர்முனை நெட்வொர்க் கார்டு மூன்றையும் ஒரே கூட்டாகச் சோதித்துச் சான்று தந்த பட்டியல் விற்பனையாளரிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு இழப்பும் உண்டு: சோதனைப் பிட் வரிசையை மாட்யூலிலிருந்தே அனுப்புவது, லூப்பேக் போடுவது (அனுப்பியதை அப்படியே திருப்பிப் பெறுவது) ஆகிய வசதிகளை டிஎஸ்பிதான் தந்துகொண்டிருந்தது. அது போனபின் கோளாறு மின் பக்கமா ஒளிப் பக்கமா என்று பிரித்தறிய, மாட்யூலை இடம் மாற்றிப் பார்ப்பதே வழி.

நான்காவது: எதைக் கழற்றுவது

செருகு மாட்யூல் செத்தால் ஒருவர் போய் உருவி, புதியதைச் செருகிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம். பழைய முறையின் உண்மையான பலம் இதுதான். வேகமோ விலையோ அல்ல. சிபிஓவில் ஒளி எஞ்சின் (பேக்கேஜுக்குள் உள்ள ஒளிச் சில்லு) செத்தால் சுவிட்சையே இறக்க வேண்டும்.

இதைத் தணிக்கத்தான் லேசரை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒளிப் பாகங்களில் முதலில் சாகக்கூடியது லேசர், அதைச் சாகடிப்பது வெப்பம். சுவிட்ச் சில்லின் கொதிப்பிலிருந்து தள்ளி, முகப்பில் செருகும் தனிப் பெட்டியாக லேசர் இருக்கும். அதற்கென ஈஎல்எஸ்எஃப்பி என்ற பொது வடிவமும் வந்துவிட்டது. அதில் ஒளி வெளிவரும் வாய் பெட்டியின் பின்பக்கம், சுவிட்சுக்குள் பார்த்தபடி இருக்கும். பலமான, கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கழற்றுபவர் கண்ணை நோக்கி வராதபடி அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சிபிஓ வாங்குவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று பதில்கள் கையில் இருக்கட்டும். ஒரு லேசர் பெட்டி போனால் எத்தனை போர்ட் விழும்? ஒரு லேசரைப் பல லேன்கள் பங்கிட்டுக்கொள்வதால் இது ஒன்றாக இருக்காது. லேசர் பெட்டியைச் சுவிட்ச் ஓடும்போதே மாற்றலாமா? எஞ்சின் போனால் மாற்றுச் சுவிட்ச் எத்தனை மணி நேரத்தில் வரும்?

இதோடு ஒளியின் வகையையும் பாருங்கள், இதைப் பலர் தவற விடுகிறார்கள். செருகு மாட்யூலில் ஒரே சுவிட்சில் பாதி டிஆர்4, பாதி எஃப்ஆர்4 என்று கலந்து வைக்கலாம். சிபிஓவில் வாங்கும் அன்றே அது முடிவாகிவிடுகிறது. பெய்லி எஃப்ஆர்4 வகை: ஒரு ஜோடிப் பைபரில் நான்கு அலைநீளம். குவாண்டம்-எக்ஸ் டிஆர் வகை: லேனுக்கு ஒரு ஜோடிப் பைபர். கட்டடத்தில் ஏற்கெனவே ஓடும் பைபர் எந்த வகைக்கு ஏற்றதோ, எதிர்முனையில் எந்த மாட்யூல் இருக்கிறதோ, அதோடு பொருந்தாவிட்டால் 608 வாட் மிச்சத்துக்கு அர்த்தமே இல்லை.

பொருத்தும்போது

டிஆர்4 மாட்யூலின் எம்பிஓ வாயில் இரண்டு ஊசிகள் இருக்கும். ஆகவே கேபிள் முனை ஊசியில்லாததாக இருக்க வேண்டும். ஊசியுள்ள கேபிளை அழுத்திச் செருகினால் மாட்யூலின் முகமே உடையும். 12 பைபர்களில் 1 முதல் 4 வரை அனுப்புபவை, 9 முதல் 12 வரை பெறுபவை, நடு நான்கும் சும்மா. 1ஐ 12க்குக் கொண்டுசேர்க்கும் பி-வகைக் கேபிள் தேவை. 1ஐ 1க்கே கொண்டுசேர்க்கும் ஏ-வகை போட்டால் இரு முனையிலும் அனுப்பும் திறன் சரியாகக் காட்டும், பெறும் திறன் நான்கு லேனிலும் இருட்டு. அந்த அறிகுறியைப் பார்த்ததும் மாட்யூலைக் குறை சொல்லாமல் கேபிளைப் பாருங்கள்.

ஓஎஸ்எஃப்பி வடிவ மாட்யூல் வாங்கும்போது தலையைப் பாருங்கள். காற்றில் குளிரும் சுவிட்சுக்குத் தகடு முளைத்த தலை. பல சர்வர் நெட்வொர்க் கார்டுகளுக்குத் தட்டைத் தலை. மாற்றி ஆர்டர் செய்தால் தகடு வைத்தது உள்ளே போகவே போகாது. தட்டையானது சுவிட்சில் போனாலும் வெந்துவிடும். மாட்யூல் ஓட்டின் வெப்ப வரம்பு பொதுவாக 70 டிகிரி. 60ஐத் தாண்டினாலே காற்றோட்டத்தைச் சரிபாருங்கள், காலி போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரே ஒழுங்குதான்: நுண்ணோக்கியில் பார், துடை, மறுபடி பார், பிறகு செருகு. புதிதாக உறை பிரித்த கேபிளுக்கும் இது பொருந்தும். மூடியின் உட்புறத் தூசே முனையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் உலர் கிளிக் கிளீனர். கறை போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, உடனே உலரத் துடையுங்கள். எம்பிஓவில் ஊசித் துளையருகே ஒட்டிய ஒரு தூசு இரு முகங்களையும் முழுதாகச் சேரவிடாமல் தூக்கிவிடும், 12 பைபரும் கெடும். எனவே பைபர் வரிசையை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், முகம் முழுவதையும் பாருங்கள். கேபிள் சுத்தம், மாட்யூலின் வாய் அழுக்கு என்றால் செருகிய நொடியில் இரண்டும் அழுக்கு. 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. எந்த முனையையும் கண்ணருகே தூக்கிப் பார்க்காதீர்கள்.

லிங்க் பச்சை காட்டினால் போதாது

லேனுக்கு 100ஜி வேகத்தில் பிழையில்லாத லிங்க் என்று ஒன்று இல்லை. பிழைதிருத்தக் குறியீடு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. திருத்தும் முன் உள்ள பிழை விகிதம் 2.4×10⁻⁴ஐத் தாண்டாதவரை அது சமாளிக்கும். பச்சை விளக்கு விளிம்பில் தொங்கும் லிங்குக்கும் எரியும். எனவே திருத்தும் முன்னுள்ள விகிதத்தையே குறித்துவையுங்கள். 10⁻⁶ஐவிட நல்லது என்றால் நிம்மதி. அந்த நிலையிலும் 400ஜி லிங்கில் நொடிக்கு 4 லட்சத்துக்கு மேல் பிட்டுகள் திருத்தப்படுகின்றன என்பதை நினைவில் வைத்தால், எண்ணிக்கையைப் பார்த்து மிரள மாட்டீர்கள். முழுச் சுமையில் 24 மணி நேரம் ஓட்டி, திருத்த முடியாத பிளாக்குகள் பூஜ்யமாகவே நின்றால் மட்டும் லிங்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோளாறு வந்தால் நான்கு லேன்களின் எண்களை அருகருகே எழுதிப் பாருங்கள். பெறும் திறன் ஒரு லேனில் மட்டும் 2 டெசிபெல் குறைவு என்றால் அந்தப் பைபர் முகத்தில் அழுக்கு. நான்கிலும் ஒரே அளவு குறைவு, எதிர்முனை அனுப்பும் திறன் நலம் என்றால் கனெக்டர் முழுதாக உட்காரவில்லை அல்லது கேபிள் எங்கோ மடிந்து நசுங்கியிருக்கிறது. திறன் நன்றாக இருந்தும் பிழை ஏறுகிறது என்றால் பிரதிபலிப்பையும், மாட்யூலின் தங்கமுலாம் பூசிய மின்முனையையும் பாருங்கள்.

அனுப்பும் திறனே விழுந்தால், மாட்யூலுக்குள் எந்தத் தொழில்நுட்பம் என்று தெரிந்திருப்பது இங்கே உதவும். லேனுக்கு ஒரு லேசர் உள்ள ஈஎம்எல் மாட்யூலில் ஒரு லேன் தனியாகச் சாகும். சிலிக்கன் போட்டானிக்ஸ் டிஆர்4இல் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ லேசர்தான். அந்த ஒளியைப் பிரித்து நான்கு லேனுக்கும் கொடுக்கிறார்கள். அதனால் நான்கு லேனோ, இரண்டு இரண்டாகவோ சேர்ந்து இறங்கினால் லேசர் மூப்படைகிறது என்று பொருள். துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். அதே மாட்யூலில் ஒரே ஒரு லேன் இறங்கினால் லேசர்மேல் குற்றமில்லை, அந்த லேனின் பண்பேற்றியோ (ஒளியில் பிட்டுகளை ஏற்றும் பாகம்) சில்லும் பைபரும் சேரும் ஒட்டோ கெட்டிருக்கிறது.

சிபிஓவிலும் இதே வாசிப்புதான், அளவு மட்டும் பெரிது. பல போர்ட்டுகளில் திறன் சேர்ந்து சரிந்தால் அவற்றுக்குப் பொதுவான லேசர் பெட்டி எது என்று பாருங்கள். சுவிட்ச் நிறுவும் அன்றே எந்தப் பெட்டி எந்தப் போர்ட்டுகளுக்கு ஒளி தருகிறது என்ற அட்டவணையை ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஒரு லேசர் பெட்டியை உபரியாக அதே அறையில் வையுங்கள்.